ஐ7 என்றால் எந்த ஐ7? குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்

"மாமா, ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., கலர் கலரா லைட் எரியுற கேபினட். எல்லாம் சேர்த்து 25 ஆயிரம்தான். வாங்கிடலாமா?"

2025 மே மாதம், பிளஸ் ஒன் முடித்து லீவில் இருந்த என் அக்கா மகன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டிக் கேட்ட கேள்வி இது. குஜிலியம்பாறையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருப்பதால் கம்ப்யூட்டர் சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். இந்த முறை வந்தது சொந்த வீட்டிலிருந்தே. அக்கா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் சீட்டுப் போட்டு எடுத்த 50 ஆயிரம் ரூபாயை என்னிடம் கொடுத்தார். "விளையாட்டுக்கு ஒரு பெட்டிங்கிறான். அப்படியே படிப்புக்கும் ஆகணும். ஏமாறாம வாங்கிக் கொடு தம்பி" என்றார்.

50 ஆயிரம் இருக்கும்போது 25 ஆயிரத்துக்கே கிடைக்கிறதே, மீதிப் பணம் மிச்சம்தானே என்று நீங்களும் நினைக்கலாம். அதனால் அந்த விளம்பரத்தையே முதலில் பிரித்துப் பார்ப்போம்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

விளம்பரத்தில் இருந்த நான்கு எண்களுமே உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னொரு எண்ணைச் சொல்லவில்லை.

ஐ7 என்று இருந்தது. எந்த ஐ7? போன் செய்து கேட்டேன். ஐ7-3770 என்றார் கடைக்காரர். ஐ7-க்கு அடுத்து வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் 3. அதாவது மூன்றாம் தலைமுறை. 2012-ல் வெளிவந்த பிராசசர். அந்தக் காலத்தில் ராஜாதான், மறுக்கவில்லை. இன்று பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றி, புதிதாகத் தயாரான மலிவு மதர்போர்டில் மாட்டி விற்கிறார்கள். விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் அதன் பட்டியலில் உள்ளன. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தப் போவதாக அப்போதே அறிவித்திருந்தது, அதன்படி நிறுத்தியும் விட்டது. ஆகவே வாங்கிய ஐந்தாம் மாதமே அந்தக் கம்ப்யூட்டர் அநாதை.

அடுத்து 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. மாடல் கேட்டேன். என்விடியா ஜி.டி. 730. இது 2014-ல் வந்தது. படம் காட்டவும், வீடியோ பார்க்கவும் போதும். கேமுக்கு ஆகாது. கார்டில் எத்தனை ஜி.பி. மெமரி உள்ளது என்பது குடத்தின் கொள்ளளவு மாதிரி. குடம் பெரிதாக இருந்து குழாய் நூல் மாதிரி ஒழுகினால் என்ன பயன்? ஜி.டி. 730-ன் டி.டி.ஆர்.3 வகைக் கார்டுகளில் மெமரியிலிருந்து விநாடிக்கு 30 ஜி.பி.-க்கும் குறைவாகத்தான் தகவல் பாயும். நாங்கள் பிறகு வாங்கிய ஆர்.எக்ஸ். 6600 கார்டில் விநாடிக்கு 224 ஜி.பி. பாய்கிறது.

16 ஜி.பி. ராம் என்பது ஒரே பட்டையா, எட்டும் எட்டுமாக இரண்டா? 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். என்றால் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? இந்த இரண்டு கேள்விக்கும் கடைக்காரரிடம் பதில் இல்லை. "சார், லைட் எல்லாம் சூப்பரா எரியும்" என்றார்.

எந்த கேம்?

பாகங்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, என்ன கேம் விளையாடப் போகிறாய் என்று எழுதச் சொன்னேன். அதுவரை அவன் விளையாடியது எல்லாம் செல்போனில் ஃப்ரீ ஃபயர்தான். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவன் அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப் வீட்டில் உண்டு. அதில் டைப்பிங் பழகியிருக்கிறான். கேம் என்றால் அது மூச்சு வாங்கும்.

அவன் எழுதியவை: வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ. 5, ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2, ஜி.டி.ஏ. 6. கடைசியில் இருந்ததை நானே அடித்துவிட்டேன். அது முதலில் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் என்று அறிவித்திருந்தார்கள். இனிமேல் வரப்போகும் கேமுக்கு இன்றைக்குக் காசு போடுவது, பிறக்காத கன்றுக்குக் கயிறு வாங்குவது மாதிரி.

மீதி நான்கில் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் பிராசசர் வேகம் முக்கியம். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. 5-க்கு இன்றைய சுமாரான கார்டே போதும். பெரிய தீனி கேட்பது ரெட் டெட் 2 மட்டும்தான். அதன் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 6 ஜி.பி. மெமரி கொண்ட ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு, 12 ஜி.பி. ராம், டிஸ்கில் 150 ஜி.பி. இடம். இந்த மாதிரித் தேவைகளை ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே கொடுத்திருப்பார்கள். 'மினிமம்' என்ற பட்டியலை விட்டுவிட்டு 'ரெகமண்டட்' என்ற பட்டியலைப் பாருங்கள். மினிமம் என்றால் கேம் திறக்கும், அவ்வளவுதான்.

வேலரன்ட்டில் இன்னொரு விஷயம் உண்டு. விண்டோஸ் 11-ல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்கினால்தான் அது திறக்கும். அந்த ஐ7-3770 பெட்டியை வாங்கியிருந்தால், பட்டியலில் முதலாவதாக எழுதிய கேமை விண்டோஸ் 11-ல் விளையாட வழியில்லாமல் போயிருக்கும்.

கார்டுக்குப் பாதிப் பணம்

கேமிங் கம்ப்யூட்டரில் மொத்தச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். புதிதாக வாங்குபவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பிராசசரிலும் லைட்டிலும் காசைக் கொட்டிவிட்டு, மிச்சம் இருப்பதில் ஒரு கார்டு போடுகிறார்கள். திரையில் ஒவ்வொரு படத்தையும் வரைவது கார்டுதான். விநாடிக்கு 60 படம் வர வேண்டும் என்றால், ஒரு படத்தை வரைய கார்டுக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லி விநாடிகூட இல்லை. எவ்வளவு உயர்ந்த பிராசசர் போட்டாலும் அந்த வேலையை அது ஏற்காது.

நாங்கள் எடுத்தது ஏ.எம்.டி. ரேடியான் ஆர்.எக்ஸ். 6600. 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜி.பி. மெமரி, 132 வாட்ஸ் மின்சாரம். புத்தம் புதிது இல்லைதான், ஆனால் 1080பி திரைக்கு எங்கள் பட்டியலில் உள்ள நான்கையும் சுலபமாக ஓட்டும். உங்கள் கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் 12 ஜி.பி. மெமரியுடன் 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 இருக்கிறது. அதற்கு ரீசைசபிள் பார் என்ற வசதி உள்ள மதர்போர்டு கட்டாயம். பழைய போர்டில் மாட்டினால் வேகம் படுத்துவிடும்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாங்க வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1050, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்பு தொடர்பான திருத்தங்கள் மட்டுமே 2028 வரை வரும். இன்னொரு பொறி ஆர்.எக்ஸ். 580. அசல் கார்டில் 2304 ஷேடர்கள் இருக்கும். அதே பெயரில் 2048 ஷேடர்கள் மட்டுமே கொண்ட ஒரு வகையும் நிறையச் சுற்றுகிறது. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் எண்ணிக்கை தெரிந்துவிடும். விற்பவர் அதைப் போட்டுக் காட்டத் தயங்கினால் பஸ் ஏறிவிடுங்கள்.

கார்டுக்கே பணம் இல்லை, மொத்தமே 30 ஆயிரம்தான் என்பவர்களுக்கும் வழி உண்டு. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள பிராசசரை வாங்குங்கள். வேலரன்ட் ஓடும், ஜி.டி.ஏ. 5-ம் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ஓடும். அடுத்த சீட்டு எடுக்கும்போது கார்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 30 ஆயிரத்துக்குள் உபயோகமில்லாத ஒரு கார்டைத் திணிப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

பிராசசர், மதர்போர்டு

இன்டெல் ஐ3-12100எஃப் எடுத்தோம். "ஐ7-ஐ வேண்டாம்னுட்டு ஐ3-யா மாமா?" என்று அவன் முகம் சுருங்கிவிட்டது. இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் இந்த ஐ3 வந்தது 2022 ஜனவரியில். இடையில் பத்து வருடம் போயிருக்கிறது. ஒவ்வொரு கோரும் அந்த ஐ7-ன் கோரை வெகுதூரம் பின்தள்ளிவிடும். மூவாயிரம் கூடுதலாக இருந்திருந்தால் ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 எடுத்திருப்பேன்.

பெயரின் கடைசியில் உள்ள 'எஃப்' என்ற எழுத்தைக் கவனியுங்கள். இந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். தனியாக கார்டு மாட்டாமல் திரையில் ஒன்றும் தெரியாது. கார்டு கட்டாயம் வாங்கப் போகிறோம் என்றால் 'எஃப்' வாங்கிக் காசை மிச்சப்படுத்தலாம். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் 'எஃப்' வேண்டாம்.

பிராசசர் வாங்கும்போது "பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா?" என்றும் கேளுங்கள். ட்ரே பீஸ் சில நூறு ரூபாய் குறையும். அதில் ஃபேன் வராது, கம்பெனி வாரன்டியும் பெரும்பாலும் இருக்காது, கடைக்காரர் வாய்வார்த்தைதான்.

மதர்போர்டு எச்610 வகை. இந்த வகையில் டி.டி.ஆர்.4 ராம் மாட்டும் போர்டும் உண்டு, டி.டி.ஆர்.5 மாட்டும் போர்டும் உண்டு. இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றி மாட்ட முடியாது. போர்டு பெட்டியின் மீது பார்த்து அதற்கேற்ற ராம் வாங்குங்கள். இன்னொன்று, மலிவு போர்டுகளில் வை-ஃபை இருக்காது. நாங்கள் முதல் இரண்டு வாரம் செல்போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டித்தான் நெட் எடுத்தோம்.

ராமும் டிஸ்கும்

8 ஜி.பி. பட்டை இரண்டு. இரண்டாக மாட்டினால் பிராசசருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு பாதை திறக்கிறது. 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதற்குத் தனி மெமரி கிடையாது, ராமில்தான் பங்கு கேட்கும். ரெடிமேடாக வாங்கியவர்கள் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. எத்தனை ஸ்லாட்டில் ராம் உள்ளது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். 3200 என்று வாங்கிய ராம் 2133 என்றோ 2666 என்றோ காட்டினால் பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்பதை எனேபிள் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகம் பூட்டியே கிடந்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ என் கடைக்கு வந்திருக்கின்றன.

டிஸ்க் 500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ரெட் டெட் 2-க்கு 150, கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு 85 என்று போனால் சீக்கிரம் நிறைந்துவிடும். தெரிந்தேதான் எடுத்தோம். முடித்த கேமை அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் திரும்ப இறக்க வேண்டும் என்றால்? வீட்டில் விநாடிக்கு 30 மெகாபிட் ஃபைபர் இணைப்பு இருந்தால் 150 ஜி.பி. இறங்க 11 மணி நேரம் ஆகும். செல்போனில் தினம் 2 ஜி.பி. என்றால் 75 நாள்! கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அக்கா வீட்டில் ஃபைபர் போட்டது இந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

எஸ்.எம்.பி.எஸ்.: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

இனி சொல்லப்போவது என் சொந்த அனுபவம். 2007-ல் கடை ஆரம்பித்தபோது கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஐத்தான் போட்டேன். "450 வாட்ஸ் சார், தாராளம்" என்றார் விற்றவர். வைகாசி மாதம், முகூர்த்த சீசன். ஒரு சாயங்காலம் 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. சாகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதில் பதினொரு கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து திரும்ப அடித்துக் கொடுத்தேன். இரண்டு வீட்டார் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். செத்த எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் கையில் எடுத்தேன். காலி டப்பா மாதிரி அவ்வளவு லேசு. அதன் ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

நீங்கள் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். ஸ்டிக்கரில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் என்பதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். என் பழைய பெட்டியில் 16 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்ஸ். 450 எங்கே, 192 எங்கே? நல்ல 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.-ல் அதே இடத்தில் 35, 36 ஆம்பியர் என்று போட்டிருக்கும், பெருக்கினால் ஏறக்குறைய முழு வாட்ஸும் வரும்.

எங்கள் தேவை எவ்வளவு? கார்டு 132 வாட்ஸ். பிராசசர் முழு வேகத்தில் 89. போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50. மொத்தம் 271. அந்தப் பழைய 192-ல் இது ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 450 வாட்ஸ் எடுத்தோம். 80 பிளஸ் என்பது சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான முத்திரை. பாதுகாப்புக்கான சான்றிதழ் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆனால் அந்தத் தேர்வில் தேறும் அளவுக்குப் பாகங்கள் போடுகிறவர்கள் மற்றதிலும் ஓரளவு ஒழுங்காகவே இருப்பார்கள்.

நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு வரியும் அதே ஸ்டிக்கரில் உண்டு. இன்புட் என்ற இடத்தில் 200 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா? சென்னை மாதிரி இடங்களில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. குஜிலியம்பாறைப் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் அக்கா வீட்டு பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 170 வோல்ட் காட்டியது. ட்யூப் லைட் சிமிட்டுகிறது, ஃபேன் ஆமை வேகம். 200-ல் தொடங்கும் எஸ்.எம்.பி.எஸ். அந்த நேரத்தில் கேம் நடுவில் அணைந்து அணைந்து எரியும். 100-ல் தொடங்குவதற்குக் கவலையில்லை.

யு.பி.எஸ். 600 வி.ஏ. வாங்கினோம். 600 என்பது வாட்ஸ் அல்ல. இந்த வகை யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் உண்மையான அளவு. கரண்ட் போனால் கேமை சேவ் செய்து, ஷட் டவுன் கொடுக்க நேரம் கிடைக்கும். தொடர்ந்து விளையாட இல்லை என்று அவனிடம் முன்பே சொல்லிவிட்டேன். வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அது ஸ்கொயர் வேவா, சைன் வேவா என்று பாருங்கள். இப்போதைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் சில, ஸ்கொயர் வேவ் கரண்ட்டில் தகராறு செய்யும். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதா? பிளக்கில் எர்த் இல்லை. வயர்மேனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகே கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

கேபினட்டில் முன்பக்கம் வலை மாதிரி ஓட்டைகளும், கழற்றித் துடைக்கிற தூசி ஃபில்டரும் இருந்தால் போதும். முன்னால் முழுக் கண்ணாடி வைத்த கேபினட் பார்க்க அழகு, காற்றுக்கு வழியில்லை. நம் ஊர் சித்திரை வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் அது சரிப்படாது.

கடையும் பில்லும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறையும் என்று பலர் சொன்னார்கள். போகவர பஸ் செலவு, ஒரு நாள் வேலை, பிறகு ஏதாவது கோளாறு என்றால் மறுபடி ஒரு பயணம். கணக்குப் போட்டுவிட்டு கார்டையும் பிராசசரையும் ஆன்லைனிலும், மற்றவற்றைத் திண்டுக்கல்லிலும் வாங்கினோம். ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது முதல் வெட்டிலிருந்து கடைசி வரை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பெட்டிக்குள் வேறு ஏதாவது வந்திருந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

கடையில் "பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம்" என்றார்கள். பில் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். பிராசசருக்கும் போர்டுக்கும் பொதுவாக மூன்று வருட வாரன்டி, பில் இல்லாவிட்டால் அது வெறும் அட்டைப் பெட்டி. வாரன்டிக்கு எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆன செலவு: பிராசசர் 7,200, போர்டு 5,800, ராம் 3,300, எஸ்.எஸ்.டி. 2,900, கார்டு 20,200, எஸ்.எம்.பி.எஸ். 3,900, கேபினட் 2,300. கூட்டினால் 45,600. கீபோர்டும் மவுசும் 1,000, யு.பி.எஸ். 3,100. மொத்தம் 49,700. மிச்சம் 300 ரூபாயில் இரண்டு பேருக்கும் திண்டுக்கல்லில் சாப்பாடு, குஜிலியம்பாறைக்கு பஸ் டிக்கெட்.

மானிட்டர் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்த 32 இன்ச் டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டினோம். டி.வி. மெனுவில் கேம் மோடு என்று இருந்தால் அதைப் போடுங்கள், மவுஸை அசைத்த பிறகு அம்புக்குறி தாமதமாக வருவது குறையும். அது 1366க்கு 768 புள்ளிகள் உள்ள பழைய டி.வி. ஆகவே கார்டுக்கும் வேலை குறைவு.

நான் கோட்டைவிட்டது விண்டோஸ் லைசென்ஸ். இத்தனை பேருக்கு யோசனை சொல்கிற நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11-ஐ இறக்கினோம். கீ போடாமலும் அது நிறுவிக்கொள்ளும், ஆனால் லைசென்ஸ் வாங்கும்வரை திரையின் மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வாசகம் நிற்கும். தீபாவளிக்கு லைசென்ஸ் வாங்கினோம். இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று வரும் புரோகிராம்களைத் தொடாதீர்கள். என் கடைக்கு வரும் வைரஸ் கேஸ்களில் பாதி அந்த வழியில் வந்தவைதான்.

முதல் ஸ்விட்ச்

நான் பக்கத்தில் நிற்க, அவனே எல்லாவற்றையும் மாட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, டி.வி.யில் நோ சிக்னல். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. கேபினட்டின் பின்னால் போய்ப் பார்த்தேன். எச்.டி.எம்.ஐ. கேபிளை மேலே உள்ள மதர்போர்டு துளையில் சொருகியிருந்தான். பிராசசர் 'எஃப்' வகை என்பதால் அந்தத் துளைக்கு உயிர் கிடையாது. கீழே படுக்கைவாட்டில் உள்ள கார்டின் துளைக்கு மாற்றினேன். படம் வந்தது. புதிய கம்ப்யூட்டர் 'டெட்' என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலருக்கும் இதே கதைதான்.

அதன் பிறகு ஒன்று நடந்தது. 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பின. வீட்டு வாடிக்கையாளர்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் விற்றுவந்த தொழிலையே விடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. நாங்கள் 3,300-க்கு வாங்கிய அதே ஜோடி ராமுக்கு அப்போது 8 ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள். ஆகவே மேலே நான் கொடுத்த விலைகளை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். வாங்கும் அன்று ராம் கையைக் கடித்தால் ஒரே ஒரு 8 ஜி.பி. பட்டையுடன் ஆரம்பித்து, ஒரு ஸ்லாட்டைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.-ல் மட்டும் கை வைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஒரு 1080பி மானிட்டரும் வந்துவிட்டது. அக்காவுக்கு மிச்சம் இருந்த ஒரே கவலை கரண்ட் பில். கேம் ஓடும்போது எல்லாம் சேர்த்து 250 வாட்ஸ் என்று வைத்தாலும், தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். முதல் நூறு யூனிட் இலவசத்தில் பாதியை இந்தப் பெட்டியே தின்கிறது என்று சொன்னேன். "அப்போ ரெண்டு மணி நேரம் போதும்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கணக்கை ஏன் போட்டாய் என்ற கேள்வி இருந்தது.